கமாரோவில் வி8 எஞ்சின் ஏற்றிய பின் வேக்குவம் குழாய்களை அமைக்கும் முறை

1969ஆம் ஆண்டு செவர்லே கமாரோவில் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு 350 கன அங்குல வி8 எஞ்சினை ஏற்றும்போது, எஞ்சினின் உறிஞ்சும் விசையைக் கடத்தும் பழைய வேக்குவம் குழாய்களையே மீண்டும் மாட்டக் கூடாது. அவற்றின் நீளமும் பாதையும் புதிய எஞ்சினுக்குப் பொருந்தாது என்பதோடு, முனைகளை விரலால் மடக்கிப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகளும் பெரும்பாலும் தென்படும்.

முதலில், பிரேக் மிதியின் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டரைக் கவனியுங்கள். அதன் தடித்த குழாயை, இடையில் வேறெதையும் இணைக்காமல், நேராக, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டில் சேர்க்க வேண்டும். உயிரே இதை நம்பியிருப்பதால், உறிஞ்சும் விசையில் சப்பிப்போகாத, வேக்குவத்துக்கென்றே தயாரித்த குழாயை மட்டும் வாங்குங்கள். எஞ்சினை நிறுத்தி, பிரேக் மிதியை நான்கைந்து முறை அழுத்தி, அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால், மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும்.

எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை மீண்டும் எரிக்க அனுப்பும் பிசிவி குழாய், பெரும்பாலான கார்புரேட்டர்களில் அடிப்பகுதியிலுள்ள பெரிய துளைக்குச் செல்லும். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 தானியங்கி கியர்பெட்டி இருந்தால், எஞ்சின் சுமைக்கேற்பக் கியர் மாற்றத்தைச் சீர்செய்யும் அதன் மாடுலேட்டருக்கும் மேனிஃபோல்டு வேக்குவமே தேவை. அக்குழாயினுள் சிவப்பு எண்ணெய் தெரிந்தால், மாடுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள்.

தீப்பொறி நேரத்தை முன்தள்ளும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கார்புரேட்டரில் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தட்டுக்கு மேலுள்ள துளையில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) வேக்குவம் ஏறக்குறைய இராது; கீழுள்ள துளையில் ஐடிலிலும் முழுமையாக இருக்கும். எதைத் தேர்ந்தாலும், அடிப்படை டைமிங்கை (தீப்பொறி நேரத்தை) அமைக்கும்போது அக்குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும்.

குழாய்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடாதபடி விலக்கிக் கட்டி, பயன்படாத துளைகளை ரப்பர் மூடியால் அடைத்தபின், வேக்குவம் மானியைப் பொருத்துங்கள். சாதாரண கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கொண்ட நல்ல எஞ்சினில், ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்கும்.