ஹேவ் போட்டால் மட்டும் போதாது: பிரசன்ட் பெர்ஃபெக்டில் நாம் சறுக்கும் இடங்கள்

"ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019." வளைகுடா வேலைக்குப் போக நினைக்கும் கீழக்கரைப் பையனும் சரி, வங்கி வேலைக்குத் தயாராகும் ராமநாதபுரம் பெண்ணும் சரி, நேர்காணலில் உட்கார்ந்ததும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஹேவ் சரி, கம்ப்ளீட்டட் சரி. கடைசியில் வரும் 2019தான் வாக்கியத்தைக் கெடுக்கிறது. ஆங்கிலத்தில் ஹேவ், ஹேஸ் போட்டுச் சொல்லும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் தெரியாதவர் இந்தத் தவறைச் செய்வதில்லை, அதை மனப்பாடமாகப் படித்தவர்தான் செய்கிறார். "ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019" என்று சிம்பிள் பாஸ்டில், அதாவது வெறும் இறந்தகாலத்தில் சொன்னால் படிப்புக் குறைவாகத் தெரியும் என்று ஒரு பயம். அப்படி எதுவும் தெரியாது.

யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அந்த வாக்கியத்தில் ஹேவ், ஹேஸுக்கு இடமில்லை. எப்போது நடந்தது என்பதைச் சொல்லாமல், நடந்ததற்கும் இந்த நிமிடத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லத்தான் பிரசன்ட் பெர்ஃபெக்ட். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று வெளிநாட்டுக்காரருக்கு விளக்குபவருக்கு இரண்டுமே தேவைப்படும். "எ சைக்ளோன் டெஸ்ட்ராய்ட் திஸ் சர்ச் இன் 1964" என்பது சிம்பிள் பாஸ்ட், வருடம் சொல்லியாகிவிட்டது. அடுத்து "நோபடி ஹேஸ் ரீபில்ட் இட்" என்றால் இன்றுவரை யாரும் திரும்பக் கட்டவில்லை என்று பொருள். அதன் அடையாளம் கண் முன்னே நிற்கிறது, அதனால் ஹேஸ்.

சாதாரணப் பேச்சிலும் இதே வரிசைதான் வரும். "ஹேவ் யூ சீன் தி நியூ பாம்பன் பிரிட்ஜ்?" என்று ஒருவர் கேட்கிறார். "யெஸ், ஐ ஹேவ். ஐ சா இட் லாஸ்ட் மன்த்." பார்த்தாயா இல்லையா என்பதற்கு ஹேவ், எப்போது என்று வந்ததும் சா. பலர் "ஐ ஹேவ் சீன் இட் லாஸ்ட் மன்த்" என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். கேள்வியில் வென் வந்தாலும் இதே கதைதான். "வென் ஹேவ் யூ கம்?" தவறு, "வென் டிட் யூ கம்?" சரி.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் தமிழ். இருக்கிறது என்று முடிந்தாலே ஹேஸ் போட வேண்டும் என்று பள்ளியிலிருந்தே பழகியிருக்கிறோம். காலையில் எழுந்து வாசலில் மணல் நனைந்து கிடப்பதைப் பார்த்து, "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை, ஊகிக்கிறோம். தமிழில் இது இயல்பு. அதையே "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று மாற்றினால் ஆங்கிலத்தில் நிற்காது. ஊகம் என்றால் "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்", நிச்சயம் என்றால் "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்". இதே போல "நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்பதை "ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே" என்பார்கள். வேறொரு பழைய நிகழ்ச்சிக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அந்த ஹேட் வேண்டும். இங்கே வெறும் "ஐ வென்ட்" போதும்.

தமிழில் "போயிருக்கிறார்" என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "அப்பா கடலுக்குப் போயிருக்கிறார்" என்றால் இன்னும் கரை திரும்பவில்லை. "அப்பா துபாய்க்கு ரெண்டு தடவை போயிருக்கிறார்" என்றால் போய்விட்டுத் திரும்பிவிட்டார், வீட்டில்தான் இருக்கிறார். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். முதலாவதுக்கு "ஹேஸ் கான் டு ஸீ", இரண்டாவதுக்கு "ஹேஸ் பீன் டு துபாய் ட்வைஸ்". இது தெரியாமல் நேர்காணலில் "ஐ ஹேவ் கான் டு துபாய்" என்றால், எதிரே இருப்பவருக்கு இவர் துபாயில் இருக்கிறார் என்று ஆகிறது. அப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்?

அடுத்தது சின்ஸ், ஃபார். "ஐ ஆம் லிவிங் இன் மண்டபம் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்பதில் இரண்டு தவறுகள் ஒன்றாக இருக்கின்றன. முன்பு தொடங்கி இன்னும் தொடர்வதற்கு ஆம் போதாது, ஹேவ் வேண்டும். ஐந்து வருஷம் என்பது கால அளவு, அதற்கு ஃபார். "ஐ ஹேவ் லிவ்ட் இன் மண்டபம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." தொடங்கிய நாளைச் சொன்னால்தான் சின்ஸ்.

மீன்பிடித் தடைக்காலத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். நம் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். மே மாதத்தில் ஒருவர் பாம்பனில் நின்று கேட்டால், "தி போட்ஸ் ஹேவ் நாட் கான் அவுட் சின்ஸ் ஏப்ரல் 15" என்று சொல்லலாம். தடையின் கடைசி நாளான ஜூன் 14 அன்று கேட்டால், "தே ஹேவ் நாட் கான் அவுட் ஃபார் 61 டேஸ்". படகுகள் கிளம்பிப் போன பிறகு, ஜூன் 20ஆம் தேதி அதே ஆள் கேட்டால்? "தே டிட் நாட் கோ அவுட் ஃபார் 61 டேஸ்." ஃபார் மாறவில்லை, 61ம் மாறவில்லை. தடை முடிந்துவிட்டது, அதனால் ஹேவ் போய் டிட் வந்துவிட்டது. ஃபாரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஹேவ் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

மறைந்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான். பள்ளிக் கட்டுரைகளில் "டாக்டர் கலாம் ஹேஸ் ரிட்டன் மெனி புக்ஸ்" என்று எழுதுகிறார்கள். அவர் 2015இல் மறைந்துவிட்டார், இனி எழுதப் போவதில்லை. "ரோட் மெனி புக்ஸ்" என்பதே சரி. உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்கு ஹேஸ் ரிட்டன் பொருந்தும், நாளைக்கே இன்னொன்று எழுதலாம் அல்லவா?

வடிவத்தில் நடக்கும் தவறுகளுக்கு மனப்பாடம்தான் மருந்து. ஹேவுக்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் (கோ, வென்ட், கான் என்பதில் கான்) வர வேண்டும். ஐ ஹேவ் வென்ட் அல்ல, கான். ஐ ஹேவ் கேம் அல்ல, கம். ஹேவ் யூ ஏட் அல்ல, ஈட்டன். கேட்ச்ட் என்று ஒரு சொல்லே கிடையாது, வலையில் விழுந்த மீன் எப்போதும் காட். கட், புட், ஹர்ட் மூன்றும் எந்த வடிவத்திலும் மாறாது. ஹீ, ஷீ, இட்டுக்கு ஹேஸ். "ஐ ஹேவ் ஹேட் மை லஞ்ச்" என்பதில் இரண்டு தடவை வருகிறதே என்று பயந்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள், அது சரியான வாக்கியம்தான்.

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். "டிட் யூ ஈட் யெட்?" என்று அமெரிக்கர்கள் சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். நம் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் வழியில் "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" என்று சொல்லிக்கொடுக்கிறது. பரீட்சையில் அதையே எழுதுங்கள். ஜஸ்ட் நவ் மட்டும் வேறு. "ஐ ஹேவ் ஜஸ்ட் கம்" சரி, "ஐ கேம் ஜஸ்ட் நவ்" சரி. "ஐ ஹேவ் கம் ஜஸ்ட் நவ்" என்று இரண்டையும் ஒட்டிச் சொல்வதை விட்டுவிடுங்கள்.