மார்ச் பிறந்ததும் கை துறுதுறுக்கிறதா? ரொறன்ரோவில் மிளகாய், கத்தரி நாற்று வளர்க்கும் முறை

பெப்ரவரி 2ஆம் திகதி, வசந்தம் சீக்கிரம் வருமா என்று குறி சொல்லும் கிரவுண்ட்ஹாக் (நில அணில்) வயார்ட்டன் வில்லி தன் நிழலைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, ரொறன்ரோவில் மண் இளக ஏப்ரல் ஆகிவிடும். ஆனால் தோட்டம் செய்கிறவருக்கு மார்ச் பிறந்ததுமே இருப்புக் கொள்ளாது. டிசம்பர் கடைசியில் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கியிருந்த பகல், மார்ச் 20 வாக்கில் பன்னிரண்டு மணி நேரமாகிவிடுகிறது. டிரைவ்வே ஓரத்துப் பனிக்குவியல் கறுத்துக் கரைகிறது. ஒரே ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தால் போதும், மண்வெட்டியைத் தேடி கராஜுக்குப் போய்விடுவோம்.

இந்த அவசரம் நல்லது. நம்முடைய மிளகாயும் கத்தரியும் இந்த ஊரின் சின்னக் கோடையில் காய்க்க வேண்டுமென்றால் யாராவது முன்கூட்டியே அவசரப்படத்தான் வேண்டும். எதற்கு அவசரப்படுவது, எதற்குப் பொறுத்திருப்பது என்று தெரிந்தால் சரி.

1. நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்

மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா தினம். அந்த லாங் வீக்கெண்டுக்கு முன் தக்காளியை வெளியே நடாதே என்பது இங்கே பழைய தோட்டக்காரர்கள் சொல்வது. கடைசி உறைபனி பெரும்பாலும் மே முற்பகுதியோடு நின்றுவிடும். சில வருடங்களில் இன்னும் இழுக்கும். ஆகவே விக்டோரியா தினத்திலிருந்து பின்னால் எண்ணுங்கள். மிளகாய்க்கு 10 வாரம், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். பாகல், புடலை, பூசணி வகைக்கு 3 அல்லது 4 வாரமே போதும். மார்ச்சிலேயே பாகல் விதையை ஊன்றினால், கொடி ஜன்னலைச் சுற்றிப் படரத் தொடங்கும். வெளியிலோ நட முடியாத குளிர். மார்ச் மாதத்து அவசரம் முழுவதையும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் கொடுங்கள்.

2. பழைய விதையைச் சோதியுங்கள்

போன வருடத்து விதையில் பத்து எடுத்து, ஈரமான கிச்சன் பேப்பரில் மடித்து, ஸிப் பையில் போட்டு வீட்டில் சூடான ஓர் இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. மூன்று நான்குதான் முளைத்தால் கூடுதலாக ஊன்றுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

3. விதை ஊன்றுதல்

தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டுவர வேண்டாம். அது தட்டில் இறுகிவிடும், நோயையும் கூட்டிவரும். கடையில் விற்கும் சீட் ஸ்டார்ட்டிங் மிக்ஸை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, நாற்றுத் தட்டில் நிரப்பி, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையை வையுங்கள். தட்டை மூடியால் மூடிவிடுங்கள்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் முளைக்க வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். மண் 25 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். குளிர்காலத்து பேஸ்மென்டில் அது கிடைக்காது. ஹீட் மேட் (தட்டுக்குக் கீழே விரிக்கும் மின்சூட்டு விரிப்பு) இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். இல்லாவிட்டால் மூன்று வாரமும் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து விரலால் கிளறிப் பார்த்துவிடாதீர்கள். முதலில் ஒரு வெளிர் வளையம் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும். அது தண்டின் வளைந்த கழுத்து. ஓரிரு நாளில் நிமிரும்போது சிலவற்றில் விதைத்தோல் இலை நுனியில் ஒட்டிக்கொண்டே வரும். பிய்க்காதீர்கள், இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டு ஊறவிட்டால் தானே கழன்று விழும்.

4. வெளிச்சம்

பலருடைய நாற்று கெடுவது இங்கேதான். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு விளக்குக்குக் கீழே வையுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் போதும் என்று தோன்றும். ஆனால் மார்ச்சில் பாதி நாள் மேகமூட்டம். நாற்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல்போல நீண்டு, ஒடிந்து விழும். விலை உயர்ந்த விளக்கு வேண்டாம், சாதாரண வெள்ளை எல்ஈடி டியூப்லைட் போதும். செடியின் உச்சியிலிருந்து 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள். டைமர் வைத்து நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவில் அணைத்துவிட வேண்டும்.

5. தண்ணீர்

மேலிருந்து ஊற்றாமல், அடித்தட்டில் ஊற்றி மண்ணை உறிஞ்சவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் எப்போதும் ஈரமாகக் கிடந்தால் நாற்றழுகல் வரும்: நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் இற்றுச் சாய்ந்து கிடக்கும். வந்தபின் காப்பாற்ற முடியாது. சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் மேல்மண் காயும், தண்டும் உறுதிப்படும்.

6. ஏப்ரலில் வெளியே

நாற்று உள்ளே வளரட்டும்; உங்களுக்கு இப்போது மண்ணைத் தொட்டே ஆக வேண்டும். தொடலாம், ஆனால் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிபோல நசுங்கினால் இன்னும் சில நாள் விடுங்கள். ஈரக் களிமண்ணை மிதித்தாலோ கொத்தினாலோ கட்டி கட்டியாக இறுகிவிடும், அந்தக் கோடை முழுக்கச் சீராகாது.

மண் சரியாக இருந்தால் ஸ்பினாச், பட்டாணி, முள்ளங்கியை நேரே விதைக்கலாம். இலேசான உறைபனி இவற்றை ஒன்றும் செய்யாது. மாதக் கடைசியில் கொத்தமல்லியும் தூவலாம். உள்ளே இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் இப்போது அசைக்காதீர்கள்.

7. வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

மே நடுப்பகுதியில் நாற்றை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும், நிழலில், காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். நாளுக்கு நாள் நேரத்தையும் வெயிலையும் கூட்டி, ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். விளக்கடியில் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துவிடும்.

இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையாதபோது தக்காளியை நடலாம். மிளகாயும் கத்தரியும் 13 டிகிரியாவது கேட்கும்; அது பல வருடங்களில் ஜூன் முதல் வாரம். நட்டபின் குளிர் இரவு வருமென்று அறிவித்தால், மாலையே பழைய பெட்ஷீட்டால் மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை இலையைத் தொட்டால் அந்த இடம் கருகும். வெண்டியையும் பயிற்றங்காயையும் மண் சூடேறிய பிறகு, ஜூன் தொடக்கத்தில், நேரே நிலத்தில் ஊன்றுங்கள்.