கொழும்பு பார்க்கப் போகிற யாழ்ப்பாணத்தார் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கொழும்புக்குப் போகாத வீடு இல்லை. பாஸ்போட், விசா, கிளினிக், வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா என்று ஏதோ ஓர் அலுவல் வந்துகொண்டே இருக்கும். இரவு பஸ் ஏறி, விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி, லொட்ஜில் முகம் கழுவி, அலுவலை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தேன். ஒருமுறை விசா அலுவல் ஒருநாள் பிந்திப்போக, வேறு வேலை இல்லாமல் நடக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வெளிக்கிட்டாலும், "ஒருநாள் கூட வைச்சுக்கொண்டு போங்கோ" என்று சொல்லாமல் விடுவதில்லை.

நாங்கள் விடுகிற பெரிய பிழை, வெள்ளவத்தையோடு கொழும்பு முடிந்தது என்று நினைப்பது. சாப்பாடு, கோயில், கடை எல்லாம் அங்கே தமிழிலேயே நடக்கும். அந்த ஆறுதலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே போய்வந்தால் பக்கத்தில் இருக்கும் கடல்கூடக் கண்ணில் படாது. கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் இறங்கி நடந்தால் வெள்ளவத்தை ரயில் நிலையம். கோட்டைக்குப் போகும் ரயிலில் இடப்பக்க யன்னலைப் பிடியுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டியே அலை வந்து கல்லில் அடிக்கும். காலையும் பின்னேரமும் கந்தோர்ச் சனம் வாசலில் தொங்கிக்கொண்டு போகும். அந்த நேரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஓட்டோக்காரரிடம் கறுவாத்தோட்டம் என்றால் முழிப்பார், குருந்துவத்த என்றால் உடனே ஏற்றுவார். முகத்துவாரம் அவருக்கு மோதர, புறக்கோட்டை பிட்டகொட்டுவ. இதைவிட வில்லங்கமானது 'கோட்டை'. ரயில் நிலையம் இருக்கிற இடம் கோட்டை. பாராளுமன்றம் இருக்கிற ஸ்ரீ ஜயவர்த்தனபுரமும் தமிழில் கோட்டைதான். பேச்சில் 'கோட்டே' என்று பிரித்துச் சொன்னால் அலைச்சல் இல்லை. சட்டப்படி நாட்டின் தலைநகர் அந்தக் கோட்டே என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

பாஸ்போட்டுக்குப் பத்தரமுல்லை போகிறவர்கள் கோட்டேயின் வாசல்வரை போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177ஆம் இலக்க பஸ் அந்தப் பக்கம் போகும். தியவன்னா ஏரிக்கு நடுவே, ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றத்தைக் கரையில் நின்றே பார்க்கலாம். அந்த மண்ணுக்கும் எங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய படையோடு வந்து யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவன் செண்பகப்பெருமாள். பின்னர் அவனே புவனேகபாகு என்ற பெயரோடு கோட்டே அரியணையில் ஏறினான். புவனேகபாகு என்ற பெயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் சொல்லும் கட்டியத்தில் இன்றும் ஒலிக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் பத்தரமுல்லையில் போமை நிரப்பிக் கொடுத்துவிட்டு நேரே பஸ் ஏறினால் எனக்கு மனம் கேட்பதில்லை.

புறக்கோட்டைக்கு எல்லோரும் போகிறோம், ஆனால் உடுப்பும் சாமானும் வாங்க மட்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்: இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடித்த சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல் நிற்கிறது. செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வாங்கப் போகிறவருக்கு அது வீண்நாள், கட்டடம் பார்க்கிறவருக்கு நல்லநாள்.

அங்கிருந்து கொச்சிக்கடைக்குப் போகாமல் திரும்பவே கூடாது. பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தந்தை தொடங்க, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். மருதனார்மடத்தில் அவர் பெயரில் கல்லூரி இருப்பது தெரியும், இந்தக் கோயில் தெரியாது என்கிறவர்கள் எங்களில் எத்தனையோ பேர். வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் உள்ளே கல்த்தரை காலுக்குக் குளிர்ந்தே இருக்கும். பக்கத்தில்தான் அந்தோனியார் கோயில், 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம். படம் எடுக்கும் அவசரத்தை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். கொஞ்சம் தள்ளி வுல்வெண்டால் ஒல்லாந்தர் தேவாலயம், 1749இல் கட்டத் தொடங்கியது. எங்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் இடிந்துபோனது. சிலுவை வடிவில் அது எப்படி நின்றிருக்கும் என்று தெரியவேண்டுமானால் இங்கே போய் நடுவில் நின்று பார்க்கவேண்டும்.

காலிமுகத்திடலுக்கு மத்தியானம் போகாதீர்கள், நிழலே இல்லை. ஐந்து மணிக்குப் பிறகு, இறால் வடை சூடாக இருக்கும்போது போங்கள்.

அந்த மத்தியான வெயிலைத் தேசிய நூதனசாலைக்குக் கொடுங்கள். 1877இல் திறந்தது, இருப்பது கறுவாத்தோட்டத்தில். கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு, அரை மணித்தியாலத்தில் வெளியே வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் தவறவிடுவது ஒரு கல். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு பொறித்தது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் கீழே பாரசீகம், அதற்கு மேலே தமிழ். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும், தமிழில் தென்முனையில் உள்ள தெவிநுவரையில் கோயில்கொண்ட தென்னவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் காணிக்கையாகச் சொல்லப்படுகின்றன. எழுத்து தேய்ந்துபோய்விட்டது, நேரே நின்றால் வெறுங்கல் போலத் தோன்றும். பக்கவாட்டில் சரிந்து நின்றால் கோடுகள் எழும். என் மருமகனுக்கு அப்போது எட்டு வயது. அப்படிச் சரிந்து நின்று கன நேரம் தேடி, அவன் முதலில் பிடித்த எழுத்து 'க'.