கோல்ஃப் மைதான வடிவமைப்பைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் சறுக்கும் இடங்கள்

கோல்ஃப் மைதானங்களின் வடிவமைப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. விளக்கை அணைப்பார்கள். திரையில் ட்ரோனில் எடுத்த படம் வரும். பச்சைப் பசேலென்று புல், நடுநடுவே வெள்ளை மணல், பின்னால் கடல். பார்த்து முடிப்பதற்குள் அடுத்த படம். நான் போயிருந்த ஒரு பேச்சில் இப்படி அறுபது படங்கள் ஓடின. வெளியே வந்தபோது, அவற்றில் ஒரு மைதானத்திலாவது பந்து எந்தப் பக்கம் உருளும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மேலிருந்து எடுத்த படம் மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும். வடிவமைப்பாளர் மெனக்கெட்டதோ அந்த மேடு பள்ளத்துக்காகத்தான்.

ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக் மைதானத்தின் 15ஆவது குழியை எடுத்துக்கொள்ளுங்கள். (குழி என்று நான் சொல்வது பந்து விழும் ஓட்டையை மட்டுமல்ல, முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து, ஓட்டையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் வரைக்குமான மொத்தத் தூரத்தையும்.) அதன் பெயர் ரெடான். கிரிமியப் போரின்போது செவஸ்தபோலில் ரஷ்யர்கள் வைத்திருந்த அரண் ஒன்றிலிருந்து வந்த பெயர். அதைப் பார்த்துப் பல நாடுகளில் நகல் எடுத்திருக்கிறார்கள். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் சார்லஸ் பிளேர் மக்டொனால்ட் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் 4ஆவது குழி அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் ட்ரோன் படத்தில் ரெடான் ஒன்றுமே இல்லை. குறுக்காகக் கிடக்கும் ஒரு கிரீன், இடப்பக்கம் ஒரு பங்கர், அதாவது மணல் பள்ளம், அவ்வளவுதான்.

படத்துக்குப் பதில் காபி கொண்டுவரும் ட்ரே ஒன்றும் ஒரு கோலிக்குண்டும் போதும். ட்ரேதான் கிரீன், கோலிதான் பந்து. ட்ரேயின் வலது முன்மூலைக்கு அடியில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். ட்ரே இப்போது உங்களை விட்டு விலகி இடது பின்மூலையை நோக்கிச் சரிகிறது. ஓட்டையைக் காட்டும் கொடி அந்த மூலையில் இருக்கிறது. இடது முன்பக்கத்தில் ஆள் ஆழத்துக்கு மணல் பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடியைப் பார்த்து நேராக அடித்தால் பந்து பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். தாண்டினாலும் சரிவில் நிற்காமல் பின்னால் ஓடிவிடும். சரி, இப்போது கோலியை வலது முன்மூலையில் வைத்து லேசாக முன்னால் தள்ளிவிடுங்கள். அது மெதுவாக இடப்பக்கம் வளைந்து கொடி இருக்கும் மூலைக்குப் போய்ச் சேரும். கொடியை விட்டு விலகி அடிப்பதுதான் கொடிக்குப் போகும் வழி என்பது, மட்டையைத் தொட்டே பார்க்காதவருக்கும் அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

அடுத்த தவறு, ஒரு மைதானத்தை ஒரே ஒருவர் பெயரில் எழுதிவைத்துவிடுவது. “இது மெக்கென்சியின் ஆகஸ்டா” என்பார்கள். வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் சேர்ந்துதான் ஜார்ஜியாவில் ஆகஸ்டா நேஷனலை வடிவமைத்தார்கள், உண்மை. ஆனால் மெக்கென்சி 1934 ஜனவரியில் இறந்துவிட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் அங்கே நடந்த முதல் போட்டியை அவர் பார்க்கவில்லை. அந்தப் போட்டியில் இன்றைய 10ஆவது குழிதான் முதல் குழி. பிறகுதான் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறின. 10ஆவது கிரீனை 1937இல் பெரி மேக்ஸ்வெல் மேட்டுக்கு நகர்த்தினார். குளத்தைத் தாண்டி அடிக்கிற 16ஆவது குழி 1947இல் ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் போட்டது. இத்தனை கைகள் பட்ட மண்ணை ஒருவருடையது என்றால் மற்றவர்கள் செய்தது மறைந்துபோகிறது. எது நன்றாக வந்தது, எது கெட்டது என்று விவாதிக்கவும் வழியில்லாமல் போகிறது.

இதன் தம்பிதான் “மூல வடிவத்துக்குத் திருப்பினோம்” என்கிற பேச்சு. இதைக் கேட்டால் எந்த ஆண்டின் வடிவத்துக்கு என்று உடனே கேளுங்கள். நார்த் கரோலைனாவில் டொனால்ட் ராஸ் அமைத்த பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம் 1907இல் திறக்கப்பட்டது. ஆமை முதுகு மாதிரி புடைத்த அதன் கிரீன்களைக் காட்டி, ராஸ் முதல் நாளே இப்படித்தான் போட்டார் என்று பலர் பேசுகிறார்கள். ஆனால் 1935 வரை அங்கே கிரீன்களில் புல்லே கிடையாது, வெறும் மணல். 2010-11இல் பில் கோரும் பென் கிரென்ஷாவும் அதைச் சீரமைத்தபோது, ஆடுபாதையின் ஓரங்களில் உயரமாக வளரவிடும் அடர்ந்த ரஃப் புல்லை ஏக்கர் கணக்கில் எடுத்துவிட்டு மணல்வெளியையும் அங்கேயே விளையும் வயர்கிராஸ் என்ற புல்லையும் மீட்டார்கள். நூற்றுக்கணக்கான தண்ணீர்த் தெளிப்பான்களையும் அகற்றினார்கள். என்ன எடுத்தோம், என்ன வைத்தோம் என்று இப்படிச் சொன்னால் கேட்பவருக்குப் பிடி கிடைக்கும். ‘மூலம்’ என்ற சொல்லில் அது கிடைக்காது.

கடினமான மைதானம்தான் சிறந்த மைதானம் என்று பேசுவதும் வழக்கமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தின் 17ஆவது குழி கடினமானதுதான். ஆனால் எதனால் என்று சொல்ல வேண்டாமா? முதல் அடியை வலப்பக்க எல்லையை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்குக் கிரீன் திறந்து கிடக்கும். பயந்து இடப்பக்கம் ஒதுங்கியவருக்கு அடுத்த அடியின் பாதையில் ரோடு பங்கர் என்ற மணல் பள்ளம் வந்து நிற்கும். அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறிவிடவில்லை. ஒதுங்கியதற்கான விலையை அடுத்த அடியில் கொடுக்கிறார், அவ்வளவே. வடிவமைப்பாளர்கள் அந்த ஊருக்கு மறுபடி மறுபடி போய் நிற்பது இதைப் பார்க்கத்தான்.

அப்புறம், புல் வெட்டுபவர்களை மறந்துவிடுகிறோம். கிரீனில் புல்லை எவ்வளவு ஒட்ட வெட்டுகிறார்களோ அவ்வளவு வேகமாகப் பந்து ஓடும். ஒரு காலத்தில் பந்து நின்ற சரிவில் இன்று அது நிற்காது. ஓல்ட் கோர்ஸில் 11ஆவது கிரீனின் சரிவைக் குறைக்கப்போகிறோம் என்று 2012இல் அறிவிப்பு வந்ததும் பெரிய சண்டையே நடந்தது. பலர் அதைப் புனிதத்தைத் தொட்ட குற்றமாக மட்டுமே பேசினார்கள். அன்றைக்கு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மண்ணை வெட்டுவதா, புல்லைச் சற்று வளரவிட்டு வேகத்தைக் குறைப்பதா? அதே மைதானத்தில் 2015 ஓப்பன் போட்டியின்போது சனிக்கிழமை கிரீன்களில் பந்துகள் காற்றுக்கே நகர ஆரம்பித்தன. ஆட்டம் பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோனது. போட்டி திங்கட்கிழமை வரை இழுத்தது. அதனால் மைதானத்தைப் பராமரிப்பவர் ஒருவரை வடிவமைப்பாளருக்குப் பக்கத்திலேயே மேடையில் உட்காரவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சின்னத் தவறுகளும் உண்டு. ரெடான், பியாரிட்ஸ் என்று குழி வகைகளின் பெயர்களை அடுக்கிவிட்டு விளக்காமல் போவது. டீயிலிருந்து 300 கெஜம் அடிக்கிறவரை மட்டுமே மனதில் வைத்துப் பேசுவது. 140 கெஜம் அடிக்கும் ஒரு பாட்டிக்கு அதே பங்கர் எங்கே வருகிறது என்று படத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

விளையாடாதவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஓல்ட் கோர்ஸ் பொது நிலம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு 18ஆவது குழியின் ஃபேர்வேயின், அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்பாதையின், குறுக்கே நடந்து போவார்கள். குழந்தைகள் அங்கே இருக்கும் ஸ்வில்கன் என்ற சின்னக் கல்பாலத்தில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அறுபது படங்களில் ஒன்றாவது அந்த ஞாயிற்றுக்கிழமைப் படமாக இருக்கட்டும்.