முந்திரி விற்க ஒரு விளம்பரம்: மனதைத் தொடும்படி எழுதுவது எப்படி?

“தரமான, சுவையான பண்ருட்டி முந்திரி எங்களிடம் கிடைக்கும்.” கடலூர் மாவட்டத்தில் முந்திரி விற்கும் எந்தக் கடையும் இந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம். அதனாலேயே அது யார் மனதிலும் நிற்பதில்லை. இதையே தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரமாக மாற்றிப் பார்ப்போம்.

முதல் படி: ஒரே ஓர் ஆளை நினையுங்கள்

நெல்லிக்குப்பத்தில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குப் பெங்களூரில் வேலை. தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் முந்திரி வாங்குவது பாயசத்துக்காக மட்டும் இல்லை. பண்டிகையும் அதுவுமாகப் பிள்ளைக்கு ஒன்றும் கொடுத்தனுப்பவில்லையே என்ற குறை அவருக்குத் தீர வேண்டும். நீங்கள் விற்பது அதற்குத்தான்.

இரண்டாம் படி: ஒரே உணர்ச்சி

பாசம், பெருமை, பயம் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்தால் எதுவும் ஒட்டாது. இங்கே பாசம் போதும்.

மூன்றாம் படி: உணர்ச்சியின் பெயரை எழுதாதீர்கள்

“பாசத்தோடு அனுப்புங்கள்” என்ற வரியில் பாசமே இல்லை. அந்த அம்மா ஏற்கெனவே மனதுக்குள் சொல்லிக்கொள்வதை எழுதுங்கள்:

“மகனுக்கு இந்தத் தீபாவளிக்கு லீவு இல்லையா? பலகாரம் அங்கேயும் வாங்கிக்கொள்வான். முந்திரி மட்டும் நம் ஊரிலிருந்து போகட்டும்.”

“தரமான”, “சுவையான” மாதிரி அடைமொழி ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.

நான்காம் படி: அடுத்த வரியிலேயே விவரம்

மனம் இளகியவர் உடனே கணக்குப் பார்ப்பார். எடை, விலை, பார்சல் செலவு, எந்த ரகம் என்று எல்லாம் சொல்லிவிடுங்கள். ரகத்தைக் காட்டும் 240, 320 என்ற நம்பர்கள் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு என்பதைக் குறிப்பவை. நம்பர் குறைந்தால் பருப்பு பெரியது. நிறைய பேருக்கு இது தெரியாது. சொன்னால் நம்பிக்கை கூடும்.

ஐந்தாம் படி: அவசரம், உண்மையாக இருந்தால் மட்டும்

கிடைப்பதன் சந்தோஷத்தைவிட இழப்பதன் வலி பெரிதாகத் தெரியும் என்று டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-இல் எழுதினார்கள். “இன்றே கடைசி” என்ற வரி வேலை செய்வது அதனால்தான். “புதன்கிழமைக்குள் சொன்னால்தான் தீபாவளிக்கு முன் பார்சல் போய்ச் சேரும்” என்பது உண்மையான அவசரம். குடோன் நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு “5 பாக்கெட்தான் பாக்கி” என்பது பொய். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய விற்பனையில் இப்படிப் போலி அவசரம் காட்டுவதைத் தடை செய்திருக்கின்றன.

துயரத்துக்கும் இதே அளவுகோல்தான். 2011 டிசம்பர் 30 அன்று “தானே” என்ற புயலில் சாய்ந்த முந்திரித் தோப்புகளை நம் மாவட்டம் மறக்கவில்லை. உங்கள் தோப்பு விழுந்து, மறுபடி கன்று நட்டு வளர்த்தீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். வேறு எங்கோ வாங்கி விற்பவர் அந்தப் புயலைத் தொடவே கூடாது. ஊரார் இழப்பை வைத்து வியாபாரம் பண்ணுவது அநியாயம்.

கடைசிப் படி: கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பாருங்கள்

முதலில் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு மட்டும் அனுப்புங்கள். “கிலோ என்ன விலை?” என்று கேட்டால் நான்காம் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பதிலே வரவில்லையென்றால் முதல் வரியை மாற்றி, வேறு சிலருக்கு அனுப்புங்கள்.