பழைய அரத்தில் கத்தியும் சக்கிமுக்கி இரும்பும்

தேய்ந்த அரம்தான் கத்திக்கும், கல்லில் அடித்துப் பொறி எடுக்கும் சக்கிமுக்கி இரும்புக்கும் ஏற்ற எஃகு. சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம். வைஸில் பூட்டி, துணி சுற்றி, கண்ணாடி அணிந்து நுனியைத் தட்டுங்கள்: பட்டென்று முறிந்தால் நல்லது, வளைந்தால் ஒதுக்குங்கள்.

அடுத்து எஃகை இளக்க வேண்டும். கரி உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். டெல்டாவில் அரிசி ஆலைப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வெப்பத்தை இத்தனை மெதுவாக விடும் பொருளை வேறெங்கும் தேட வேண்டாம். சாம்பல் ஈரமாக இருந்தால் எஃகு சட்டென்று ஆறி மறுபடி கடினமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வறுத்தே பயன்படுத்துங்கள்.

வடிவம் கொடுக்கும்போது அரத்தின் பல்வரிகளை முழுக்கத் தேய்த்துவிடுங்கள். விட்டுப்போன வரியில்தான் தோய்ச்சலின்போது, அதாவது காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று ஆற்றும்போது, விரிசல் விழும்.

காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, கத்தியை இளஞ்சூடான கடலை எண்ணெயில் செங்குத்தாக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். பிறகு ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு முறை. வெளிர் வைக்கோல் நிறம் வர வேண்டும்.

சக்கிமுக்கி இரும்புக்கு இந்த ஓவன் சூடு வேண்டாம், இளகினால் பொறி பறக்காது. அடிக்கும் விளிம்பை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்தால் போதும்.

வண்டல் மண்ணில் கல் அரிது. கொள்ளிடத்துப் பருமணலில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) தேடி, உடைத்த கூர்விளிம்பில் உரசி அடியுங்கள். பொறி பிடிக்க, பருத்தி வேட்டித் துண்டைச் சிறு துளையிட்ட தகர டப்பாவில் அடைத்து, புகை நிற்கும்வரை சுடுங்கள். ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் சாம்பல்தான் மிஞ்சும். பாலியஸ்டர் கலந்த துணி உருகி ஒட்டிக்கொள்ளும்.