இலையுதிர் காலத்தில் கயாக்கில் போய் ஸ்மால்மவுத் பாஸ் பிடிப்பது எப்படி? (சஸ்குவெஹான்னா ஆறு, பென்சில்வேனியா)

ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க எந்த மாதம் நல்லது என்று கேட்டால், யோசிக்காமல் அக்டோபர் என்பேன். குளிர்காலம் வருவதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள மீன் விடாமல் இரை தேடும். கோடையில் இருந்த கூட்டமும் ஆற்றில் இருக்காது. ஆனால் மீனுக்குப் பசியைக் கிளப்பும் அதே குளிர்ந்த தண்ணீர், கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கவிழ்ந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் தூண்டிலுக்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். மீன் எங்கே நிற்கும், நீங்கள் என்ன உடுத்த வேண்டும் என்ற இரண்டையும் அதுதான் சொல்லும்.

1. கிளம்புவதற்கு முன்

16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். மாநில மீன், படகு ஆணையத்தின் படகுத்துறையில் கயாக்கை இறக்க அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்கில் இருக்கும்போது லைஃப் ஜாக்கெட் போட்டே இருக்க வேண்டும் என்பது பென்சில்வேனியா சட்டம். அக்டோபரில் சட்டம் கேட்கவில்லை என்பதற்காகக் கழற்றி வைக்காதீர்கள்.

அப்புறம், ஹாரிஸ்பர்க்கில் ஆற்றின் நீர்மட்டம் என்ன என்று இணையத்தில் பாருங்கள். மூன்றரை, நான்கு அடி என்றால் புதியவருக்குச் சரி. ஐந்தைத் தாண்டினாலோ, மழை பெய்து மட்டம் ஏறிக்கொண்டிருந்தாலோ அன்றைக்கு வேண்டாம்.

2. உடை

வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். குளிர்ந்த நீரில் விழுந்ததும் மூச்சு தானாக இரைக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போய், கயாக்கைப் பிடித்து ஏறவும் முடியாது. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போய்விட்டால் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட் இல்லாமல் நான் இறங்குவதில்லை. பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். மாற்று உடுப்பு ஒரு செட், நீர் புகாத பையில் கட்டாயம் இருக்கட்டும்.

3. சாமான்

நடுத்தர வலுவுள்ள ஏழடி ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கோல்) ஒன்று, நரம்பைச் சுற்றும் 2500 அளவு ரீல், 10 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பு, அதன் முனையில் தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. இவ்வளவு போதும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்துவிடும் என்பதால், அந்த ஃபுளோரோகார்பன் துண்டு ஆறேழு அடி நீளமாவது இருக்கட்டும்.

4. எங்கே இறங்குவது

நான் புதியவர்களை அழைத்துப்போவது ஹாரிஸ்பர்க்குக்கு வடக்கே உள்ள ஃபோர்ட் ஹன்டருக்கு. முதலில் ஓட்டத்தை எதிர்த்து மேலே துடுப்பு போடுங்கள். தெம்பு தீர்ந்த பிறகு ஆறே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். மேலே டாஃபின் நாரோஸ் பக்கம் நீர் பாறைகளில் மோதி நுரைக்கும். அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். கீழே 48 வளைவுகளுடன் ராக்வில் கல்பாலம் தெரியும். 1902இல் கட்டிய ரயில் பாலம் அது, உங்களுக்கு அதுதான் எல்லை. அதையும் தாண்டிக் கீழே போனால் நகரத்தருகே டாக் ஸ்ட்ரீட் அணை இருக்கிறது. மேலிருந்து வருபவருக்கு ஆறு சமமாகப் போவது போலத்தான் தோன்றும். ஆனால் அணைக்குக் கீழே சுழலும் நீர், விழுந்தவரை வெளியே விடாது. பலர் அங்கே இறந்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மரங்களையும் தூரத்திலேயே கவனியுங்கள். கிளைகளுக்கிடையே தண்ணீர் புகுந்து போய்விடும், கயாக்கும் ஆளும் மாட்டிக்கொள்வார்கள். ஓடும் நீரில் நங்கூரம் போடும் பழக்கமும் இப்போதைக்கு வேண்டாம். கயாக் குறுக்கே திரும்பினால் ஓட்டம் அதை அமுக்கிவிடும். என் முதல் இலையுதிர் காலத்தில் நான் அப்படித்தான் கவிழ்ந்தேன். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனாலும் கரை சேர்ந்தபோது நரம்பில் முடிச்சுப் போடக்கூட விரல் வளையவில்லை.

5. மீன் எங்கே நிற்கும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஆற்றைப் பாருங்கள். பெரிய பாறை ஒன்று ஓட்டத்தைப் பிளக்கும். அதன் பின்புறம் நீர் தயங்கி, கொஞ்சம் ஓட்டத்துக்கு எதிராகவே திரும்பி வரும். வேகமான நீரும் அந்த மந்தமான நீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரியும். நுரையும் உதிர்ந்த இலைகளும் அதன் வழியே போகும். ஸ்மால்மவுத் அந்தக் கோட்டின் மந்தமான பக்கம் நின்றுகொண்டு, வேகமான பக்கம் வரும் இரையைப் பாய்ந்து எடுக்கும். உங்கள் கயாக்கையும் வேறொரு பாறையின் பின்னால் ஒதுக்கிக்கொண்டால், நங்கூரம் இல்லாமலே நின்று வீசலாம்.

தண்ணீர் 55 முதல் 65 டிகிரி வரை இருக்கும்போது மீன் இந்தக் கோடுகளிலும், வேக நீர் ஆழத்தில் இறங்கும் முகப்பிலும் இருக்கும். 50ஐ நெருங்கும்போது அது மெல்ல மடுக்களுக்கு நகரும். 50க்குக் கீழே போனால் ஓட்டம் குறைந்த ஆழமான மடுக்களில் கூட்டமாகத் தங்கிவிடும். நேற்று பத்து மீன் கிடைத்த பாறையில் இன்று ஒன்றும் இல்லை என்றால், வீசும் முறையை மாற்றும் முன் தெர்மாமீட்டரை நீரில் விடுங்கள்.

6. எதை, எப்படி வீசுவது

தண்ணீர் இன்னும் சூடாக இருந்தால் குஞ்சு மீன் போன்ற மூன்று, நான்கு அங்குல வால் ஆட்டும் ரப்பர் மீனைச் சீராக இழுத்தாலே போதும். குளிரக் குளிர வேகத்தைக் குறையுங்கள். அப்போது எனக்குக் கைகொடுப்பது ட்யூப், அதாவது உள்ளே குழலாக இருக்கும் மென்மையான ரப்பர் இரை. சிங்கி இறால் போன்ற கிரேஃபிஷ் இந்த மீனுக்கு விருப்பமான தீனி. பழுப்புப் பச்சை ட்யூப் கிட்டத்தட்ட அதைப் போலவே நகரும். ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசி, ஓட்டம் அதை உருட்டிக் கொண்டுவர விடுங்கள். பாறையில் தட்டுவது கையில் தெரியும். அந்தத் தட்டல் நின்று, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் அது மீன்தான். உடனே ராடைத் தூக்குங்கள்.

இலைகள் அதிகம் மிதக்கும் நாட்களில் மூன்று முள் உள்ள லூர்களை (செயற்கை இரைகளை) பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு இலைதான் வரும்.

7. பிடித்த பிறகு

மீன் தண்ணீருக்கு மேலே எகிறும். அப்போது ராடைத் தாழ்த்தி நரம்பைத் தளர விடாமல் வையுங்கள். வலையில் வாங்கி, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள். 2005இல் இந்த ஆற்றில் இளம் ஸ்மால்மவுத்கள் நோயால் ஏராளமாகச் செத்தன. அதன் பிறகு சஸ்குவெஹான்னாவின் நடுப்பகுதியில், பிடித்த பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்ற விதி வந்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஆணையத்தின் அந்த வருடப் பட்டியலைப் பாருங்கள்; நான் எப்படியும் விட்டுவிடுகிறேன். முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு நொடியில் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தலை ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்கும்படி மந்தமான நீரில் பிடியுங்கள். வால் ஒரு முறை பலமாக அடிக்கும்போது விரலைத் திறந்துவிடுங்கள்.